கறுப்புக் கட்டத்துக்குள் போன தமிழ்: கலைக்காட்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் பொது இடங்களில் தற்காலிகக் கலைக்காட்சி நடத்தும் அமைப்பாளர்களுக்கும், படைப்புகளைத் தேர்ந்து தொகுக்கும் க்யூரேட்டர்களுக்கும்,

இந்தப் பருவக் காட்சியில் படைப்புகளை விளக்கும் சுவர் அட்டைகளில் ஆங்கிலம் மட்டும் இருக்கும், தமிழ் வேண்டுபவர்கள் மூலையில் உள்ள கியூஆர் கட்டத்தைப் போனில் பிடித்துப் படித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அச்சுக் கழிவு குறையும், சுவர் சுத்தமாகத் தெரியும், இப்போது எல்லோரிடமும் போன் இருக்கிறது என்று மூன்று காரணங்களும் சொல்கிறீர்கள். இதை எங்களால் ஏற்க முடியவில்லை. எந்த அமைப்பு என்று பெயர் எழுதவில்லை. ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் பார்த்துச் செய்வது இந்த ஊர் வழக்கம், ஆகவே காட்சி நடத்துகிற எல்லோரும் தமக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். எழுதுகிற நாங்கள் அட்டை மொழிபெயர்ப்பவர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்கள், அச்சகத்தில் கணினிக்குப் பக்கத்தில் உட்காருபவர்கள், ஏணியில் ஏறி ஒட்டுபவர்கள்.

கேலரிக்கு வருபவர் படம் பார்க்கவென்றே வீட்டிலிருந்து கிளம்பி வருகிறார். ரயில் நிலையத்தில் அப்படியில்லை. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997இல் திருமயிலைக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்ட பறக்கும் ரயில் பாதையின் நிலையங்கள், வந்துபோகிற கூட்டத்துக்கு மிகப் பெரிதாகக் கட்டப்பட்ட கான்கிரீட் கூடங்கள். பெரிய படங்களை நிறுத்த அதைவிட வாகான இடம் இந்த ஊரில் குறைவு. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியன்னாலே என்ற புகைப்படக் கலைவிழா படங்களை ரயில் நிலையங்களுக்குக் கொண்டுபோனது. 2019இல் அதே பியன்னாலேக்காக, 1879இல் கட்டி முடிக்கப்பட்ட, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் திறந்தது. அதுவரை கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது மட்டும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர்கள் உள்ளே போய் நின்றார்கள். இப்படிப்பட்ட இடங்களில் நிற்பவர் படத்தைத் தேடி வந்தவர் இல்லை. அடுத்த வண்டிக்கு ஏழு நிமிடம் இருக்கிறது, அதனால் நிற்கிறார். படம்தான் அவர் வழியில் வந்து நிற்கிறது. வழியில் வந்து நின்றவர் தாம் யார் என்று சொல்வதுதானே முறை?

இனி உங்கள் கட்டத்துக்கு வருவோம். கட்டத்தின் அகலத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்திலிருந்து போன் அதைப் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. நீங்கள் அச்சிட்டிருப்பது 2 செ.மீ. கட்டம். ஆக, 20 செ.மீ. தூரத்துக்குள் போனைக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் அப்படிச் சுவரோடு ஒட்டி நின்றால், பின்னால் இருக்கும் நால்வருக்கு அவர் முதுகுதான் காட்சி. அட்டைக்குப் பளபள லேமினேஷன் வேறு போட்டிருக்கிறீர்கள். மேலிருந்து விழும் ஸ்பாட்லைட் அதில் பட்டுத் தெறித்து, கட்டத்தின் பாதி வெள்ளையாகிவிடுகிறது. பழைய கட்டடங்களின் கனத்த செங்கல் சுவருக்குள் சிக்னல் ஒரு கோடு நின்றால் பெரிது. அதையும் தாண்டித் திறந்தால் வருவது அந்தப் படைப்பின் குறிப்பு இல்லை. எல்லாப் படைப்புக்கும் சேர்த்து ஒரே பிடிஎஃப்! 47ஆம் எண் படைப்பின் முன் நிற்பவர் முதல் பக்கத்திலிருந்து தள்ளித் தள்ளிக்கொண்டே வர வேண்டும். அவர் 20ஐத் தொடுவதற்குள் கூட வந்த பிள்ளை அடுத்த அறைக்குப் போயிருக்கும். பட்டன் போன் வைத்திருப்பவர், வீட்டுக்கு ஒரே போன் என்பதால் கையில் இல்லாமல் வந்தவர், படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டு வந்த பெரியவர் ஆகியோருக்கு இந்த அளவுகூடக் கிடையாது.

ஆங்கிலம் படிப்பவரையும் இப்படியே கட்டத்துக்குள் அனுப்பியிருந்தால் எங்கள் புகார் பாதியாகியிருக்கும். அவருக்குச் சுவரில் எழுத்து, இவருக்கு மட்டும் கட்டம்.

காட்சிக்கூடத்தின் மூலையில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காவலர் உட்கார்ந்திருக்கிறார். காலை பத்திலிருந்து மாலை ஆறரை வரை அதே படைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். க்யூரேட்டர்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். வருகிறவர்கள் அவரிடம்தான் கேட்கிறார்கள். "இது என்னங்க?" "தெரியலீங்க சார். தொட வேணாம்னு சொல்லச் சொல்லியிருக்காங்க." தமிழ் அட்டை இருந்த காட்சிகளில் நடந்தது வேறு. மூன்றாம் நாள் ஆவதற்குள் அவர் அட்டையை இருபது தடவை படித்திருப்பார். யாராவது தயங்கி நின்றால் எழுந்து வந்து, "இது ஆத்துல அங்கங்க எடுத்த தண்ணிங்க. கலரைப் பாருங்க, கீழ வர வர எப்படி ஆகுதுன்னு" என்று தானே ஆரம்பித்துவிடுவார். எங்கள் மொழிபெயர்ப்பைவிட அது மேல். தினக்கூலிக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள். அவரை வழிகாட்டியாக்க உங்களுக்குத் தேவைப்படுவது ஆறு வரித் தமிழ்.

படம் தானே பேசும், விளக்கம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சில படைப்புகள் பேசும், ஒத்துக்கொள்கிறோம். மெரினாவில் 1959இலிருந்து பாறையைப் புரட்டிக்கொண்டிருக்கும் உழைப்பாளர் சிலையின் நான்கு பேருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் தீட்டிய ஓவியங்களுக்கு, அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர்களே விளக்கம். ஆனால் பன்னிரண்டு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் வைத்துவிட்டு, இருட்டறையில் 40 நிமிட வீடியோ ஓடவிட்டுவிட்டு, தானே பேசும் என்று சொல்வது நியாயமில்லை. அப்படி நீங்களே உண்மையில் நம்பியிருந்தால் ஆங்கில அட்டையையும் கழற்றியிருப்பீர்கள்.

தற்காலிகக் காட்சி இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. தீவுத்திடலில் தெர்மாகோல் பனிமலையை வரிசையில் நின்று பார்த்த கூட்டம் இது. நவராத்திரிக்கு ஒன்பது படி கட்டி, பண்டிகை முடிந்ததும் பிரித்துப் பெட்டியில் போடும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பார்க்கத் தெரியாதவர்கள் என்று யாரையும் எண்ணி விலக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஒரு மளிகைக் கடை போர்டு வைத்தாலே தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. அது கடைகளுக்கும் நிறுவனங்களுக்குமானது, கலைக்காட்சியைக் கட்டுப்படுத்தாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் பருப்பு விற்கிறவர் செய்கிறதை நீங்கள் செய்ய மாட்டோம் என்கிறீர்கள்.

அடுத்தது, அந்தப் பிடிஎஃப்பில் இருக்கும் தமிழ். அதை எந்த மனிதரும் படித்துப் பார்க்கவில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறது. ஒரு வீடியோவிலிருந்து எடுத்த அசையாப் படத்துக்கு "இன்னும் காணொளியிலிருந்து" என்று போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அசையாமல் நிற்பதற்கும் 'இன்னும்' என்பதற்கும் 'ஸ்டில்' என்ற ஒரே சொல், இயந்திரம் தவறானதைப் பிடித்துக்கொண்டது. கலைஞர் தந்து உதவியது என்று வர வேண்டிய இடத்தில் "கலைஞரின் மரியாதை". குப்பையிலும் கடற்கரையிலும் கிடைத்த பொருட்களை வைத்துச் செய்த சிற்பத்துக்கு "கண்டுபிடிக்கப்பட்ட பொருட்கள்" என்றிருக்கிறது, எடிசன் செய்தது போல. அந்த இடத்துக்கென்றே உருவாக்கிய படைப்பு "தளம்-குறிப்பிட்ட நிறுவல்" ஆகியிருக்கிறது. இதற்கெல்லாம் புதுக் கலைச்சொல் தேவையில்லை. 'கிடைத்த பொருட்கள்', 'இந்த இடத்துக்கென்றே செய்தது', 'இடத்துக்கேற்ப அளவு மாறும்', 'கலைஞர் தந்து உதவியது' என்று எழுதினால் யாருக்கும் புரியும். தலைப்பு இல்லாத படைப்புக்குத் 'தலைப்பில்லை' போதும். பொருட்களை ஓர் இடத்தில் நிறுத்தி அமைக்கும் படைப்பை 'இன்ஸ்டலேஷன்' என்றே எழுதினாலும் எங்களுக்குச் சண்டையில்லை. 'நிறுவுகலை' என்று எழுதிவிட்டு என்னவென்று சொல்லாமல் போவதுதான் தொல்லை.

இந்தக் கோளாறு ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பணமோ ஆளோ இல்லாததால் வருவதில்லை இது. வேலையின் வரிசை தப்பாக இருக்கிறது. ஆங்கில வாசகத்தை க்யூரேட்டர் கடைசி வாரம்வரை திருத்திக்கொண்டே இருப்பார். வடிவமைப்பாளர் அதற்குள் அட்டையின் அளவு, எழுத்துரு, இடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தை வைத்தே முடித்திருப்பார். திறப்புக்கு இரண்டு இரவு முன்னால் வாசகம் எங்கள் கைக்கு வரும். அறுபது சொல் ஆங்கிலம் தமிழில் ஏறக்குறைய நாற்பத்தைந்து சொல்லாகிவிடும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் நீளம். மொத்தத்தில் இடம் ஒன்றேகால் மடங்கு கேட்கும். அந்த இடம் அட்டையில் இருக்காது. எழுத்தைச் சுருக்குவார்கள், வரிகளை நெருக்குவார்கள். சுருக்கியும் அடங்காவிட்டால், "தமிழை ஆன்லைனில் போட்டுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். உங்கள் கியூஆர் முடிவு பிறந்தது அந்த இரவில்தான் என்று நினைக்கிறோம். சுற்றுச்சூழல் காரணம் பிறகு வந்து சேர்ந்தது.

எழுத்தைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறோம். மெல்லிய எழுத்துரு, சாம்பல் பின்னணியில் வெள்ளை எழுத்து, 14 புள்ளி அளவு. முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. கல்வி என்று எழுதியது கலவி ஆகிவிடும்! பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஆசிரியர் அந்தச் சுவர் முன் நின்று என்ன செய்வார்? இரண்டடி தள்ளி நின்று படிக்கிற அட்டையில் தமிழ் 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. பக்கத்தில் ஆங்கிலம் 24 இருந்தால் இரண்டும் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். மேலே கொக்கியும் கீழே சுழியும் இருக்கிற எழுத்து என்பதால் வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். ஆங்கிலத்துக்கு வைக்கிற அளவில் மேல் வரியின் 'கு' கீழ் வரியின் 'கி'யோடு மோதும். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து, பளபளக்காத மேட் லேமினேஷன். அட்டையின் நடுப்பகுதி தரையிலிருந்து 4 அடி 9 அங்குலம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் அதிலிருந்து அரையடி இறக்கினாலும் நல்லது.

அச்சகத்தில் நடக்கிற விபத்து தனி. வேர்டில் சரியாக இருந்த தமிழை வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். துணைக்கால் தனியே உதிரும். நடுவில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். இன்டிசைனில் 'வேர்ல்டு ரெடி பேராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், எல்லாம் தன் இடத்துக்கு வந்துவிடும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு உடைந்திருப்பதே தெரியாது என்பதால் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துக்களை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றிய பிடிஎஃப்பாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் பழைய பதிப்பு கோரல்டிராவில் திறந்து, வேறு எழுத்துருவைப் போட்டு, மறுபடியும் கொம்பை உடைப்பார்கள். அவுட்லைனாக மாற்றிய பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, அதனால் மெய்ப்பு அதற்கு முன்பும் ஒருமுறை, அச்சான தாளில் ஒருமுறை. திரையில் பார்த்து 'ஓகே' சொன்னதில்தான் எங்கள் பிழைகளில் பாதி நடந்திருக்கிறது.

சுவர் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்கிற உங்கள் ஆசையில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் இருபக்க ஃபோம் டேப் ஒட்டினால், எடுக்கும்போது பூச்சும் கையோடு வரும். ஓதம் ஏறிய சுவராக இருந்தால் எடுக்கவே வேண்டாம், இரண்டாம் நாள் காலையில் அட்டை தரையில் கிடக்கும். ஆணி அடிக்க அனுமதி கிடையாது, கிடைத்தாலும் அடிக்கக் கூடாது. அதற்காக அட்டையையே விட்டுவிட வேண்டியதில்லை. இடுப்புயர இரும்பு ஸ்டாண்டில் சாய்வாக ஒரு பலகை வைத்து அதில் ஒட்டுங்கள். சுவரைத் தொட வேண்டாம், குனியாமல் படிக்கலாம். ரயில் நிலையத் தூண்களில் டேப் நிற்காது. கான்கிரீட் தூசியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து ஒரு வாரத்தில் தள்ளிவிடும். தூணைச் சுற்றிக் கேபிள் டை போட்டுக் கட்டினால் மாதக்கணக்கில் நிற்கும், எடுக்கும்போது தடமும் இருக்காது. அட்டைக்குப் பயன்படும் இலேசான பிளாஸ்டிக் பலகையான சன்போர்டு, வெயில் படுகிற இடத்தில் 3 மி.மீ. என்றால் வளையும், அங்கே 5 மி.மீ. போடுங்கள்.

கழிவு என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சன்போர்டு ஷீட் 8க்கு 4 அடியில் வருகிறது. தமிழும் ஆங்கிலமும் தாராளமாக அடங்கும் அட்டை 8க்கு 6 அங்குலம். நீளத்தில் பன்னிரண்டு, அகலத்தில் எட்டு, ஆக ஒரே ஷீட்டில் 96 அட்டை. வெட்டுச் சேதத்தைக் கழித்துத் தொண்ணூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு படைப்புள்ள காட்சி ஒன்றின் மொத்தத் தமிழ் விளக்கமும் ஒரே ஒரு ஷீட்டில் முடிகிறது. திறப்பு விழா மேடைக்குப் பின்னால் ஒரு மாலை நேரத்துக்காகக் கட்டுகிற ஃப்ளெக்ஸ் பேனர் இதைப் போல ஐந்தாறு மடங்கு. கழிவைக் குறைக்க வேண்டுமானால் அதிலிருந்து தொடங்கலாம்.

நேரத்தைப் பற்றி ஒரே வரி: வேலைக்குப் போகிறவர் வந்து சேர்வதற்குள் நீங்கள் பூட்டிவிடுகிறீர்கள். புத்தகக் காட்சியை இரவு எட்டரை வரை திறந்து வைக்கிற ஊர் இது. அந்தக் கடைசி இரண்டு மணி நேரக் கூட்டத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நாங்கள் கேட்பவை இவை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் காட்சிக்கு, இன்னும் நாள் இருக்கிறது என்பதால், எல்லாப் படைப்புக்கும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் அறையின் வாசலிலும் ஒரு தமிழ் அறிமுகப் பலகை வையுங்கள். வாசகம் கொடுத்த நான்காம் நாள் ஒட்டிவிடலாம். கூடவே, நுழைவாயில் மேசையில் பெரிய எழுத்தில் அச்சிட்டு லேமினேட் செய்த தமிழ்க் கைப்பிரதி குறைந்தது பத்து இருக்கட்டும், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிடிஎஃப்பில் உள்ள தமிழை உடனே இறக்கிவிட்டு, ஆள் படித்துத் திருத்தியதை ஏற்றுங்கள். கியூஆர் கட்டம் இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு கட்டமும் அந்தப் படைப்பின் பக்கத்துக்கே நேராகப் போகட்டும். கலைஞரின் பேட்டி, நீளமான கட்டுரை, ஒலிப்பதிவு போன்ற கூடுதல் விஷயங்களுக்கு அது நல்ல இடம்.

அடுத்த காட்சியில் அட்டையின் அளவைத் தமிழ் வாசகத்தை வைத்து முடிவு செய்யுங்கள், ஆங்கிலம் அதற்குள் எப்படியும் அடங்கும். திறப்புக்கு 21 நாள் முன்பு ஆங்கில வாசகம் மொழிபெயர்ப்பவர் கையில் இருக்க வேண்டும், 10 நாள் முன்பு மெய்ப்பு, 4 நாள் முன்பு அச்சு. கடைசி இரவில் தலைப்பை மாற்றாத கலைஞர் இன்னும் பிறக்கவில்லை, அதற்கென இருபது வெற்று அட்டைகளும் ஸ்டிக்கர் தாளும் தனியாக எடுத்து வையுங்கள். நன்றிப் பலகையில் வெளிச்சம் அமைத்தவர் பெயர் இருப்பது போல, மொழிபெயர்த்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் வரட்டும். பிழை இருந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியும், எங்களையும் சேர்த்துத்தான்.

திறப்புக்கு முந்தைய மாலை, விளக்குகள் எல்லாம் எரிந்த பிறகு, பணியில் இருக்கும் காவலரையும் துப்புரவுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். அட்டைகளை அவர்களே சத்தமாகப் படிக்கட்டும். அவர்கள் தடுக்கி நிற்கிற வரியைக் குறித்து இரவோடு இரவாக எங்களுக்கு அனுப்புங்கள், விடிவதற்குள் மாற்றிக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
சென்னைக் காட்சிகளுக்கு அட்டை எழுதுகிற, திருத்துகிற, ஒட்டுகிற சிலர்